பொக்கற் இல்லாத சட்டை

புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். தையற்காரர் அளவுநாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "பொக்கற் வைக்கிறதோ அண்ணை?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் என் கை இடது நெஞ்சில் பை இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. எனக்கு வில் பழகிய காலம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள்.

யுத்த காலத்தில், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த கொழும்பில், ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் வில் பழகினான் என்றால் யார் நம்புவார்கள்? வேலைபார்த்த கந்தோரின் விளையாட்டுக் கழகத்தில் இரண்டு வில்லும் ஒரு வைக்கோல் இலக்கும் இருந்தன. சனிக்கிழமை பின்னேரங்களில் போவேன். ஊரிலிருந்த அம்மாவுக்கு மேசைப்பந்து என்றுதான் எழுதியிருந்தேன்.

ஆறு அம்பு விட்டால் ஒன்று கிருலப்பனைப் பக்கம் போகும், ஒன்று பாமன்கடைப் பக்கம் போகும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் செய்யவேண்டும் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். பாதம் வைக்கச் சுண்ணாம்புக் கோடு, இழுத்த விரல் தொட நாடியில் ஒரே இடம், மூச்சுக்குக்கூட எண்ணிக்கை. அம்புக்கு இதெல்லாம் தெரியவில்லை.

"நாண் உங்கட பொக்கற்ல முட்டுது" என்றாள் ஸ்டெல்லா. கொட்டாஞ்சேனைக்காரி, எங்கள் கந்தோரில் தட்டெழுத்தாளர். வில்லில் என்னைப்போலவே கற்றுக்குட்டி, கண் மட்டும் கூர்மை.

பொக்கற்றில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கந்தோர் அட்டை, வீட்டுக்காரரின் கடிதம். சாவடியில் கேட்கிற கடுதாசிக்கேற்ப ஒரு கிழமை இந்தக் கட்டு தடிக்கும், மறு கிழமை மெலியும். காற்சட்டைப் பின்பையில் வைத்திருக்கலாமே என்பீர்கள். சாவடியில் கை பின்னால் போனால் துவக்கு முன்னால் வரும்.

"எடுத்து வச்சிட்டு விடுங்களன்."

"ஏலாது."

அட்டையை அறையில் விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் பாண் வாங்கப் போன என் அறைத்தோழன் மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு நான் சட்டையோடேயே படுக்கிறவன்.

மூன்று சனிக்கிழமை அவள் சொல்லிப் பார்த்தாள். நாலாவது கிழமை, "என்ட பேக்ல இருக்கட்டும். நான் எங்கயும் போகமாட்டன்" என்றாள். கொடுத்தேன். மூன்று அம்பு விட்டேன், மூன்றும் ஒரு சாணுக்குள் குத்தி நின்றன. அவளிடம் காட்டத் திரும்பினால், வாசலால் இரண்டு ஆமிக்காரர் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவைக் காணவில்லை. பையையும் காணவில்லை. என் கையில் வில்.

"ஐ.சி.?" என்று அடையாள அட்டையைக் கேட்டான் ஒருவன்.

கை நெஞ்சுக்குப் போனது. பொக்கற் வெறுமை. பயத்தில் தெரிந்த சிங்களமும் மறந்துபோயிற்று. மேசைப்பந்து என்று எழுதிய கடிதம்தான் மனதில் வந்தது.

ஸ்டெல்லா குழாயடியிலிருந்து முகத்தைத் துடைத்தபடி வந்தாள். பை தோளில் தொங்கியது. என் கடுதாசிக் கட்டை எடுத்து நீட்டி, தன்னிடம்தான் தந்து வைத்திருந்தார் என்று சிங்களத்தில் சொன்னாள். மூத்தவன் ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு வைக்கோலில் நின்ற அம்புகளைப் பார்த்து "ஹொந்தய்" என்றான், நல்லாயிருக்கிறதாம். போய்விட்டார்கள். நான் அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். அன்று விட்ட மூச்சைப் போல இன்னொன்று நான் விட்டதில்லை.

"எங்கயும் போகமாட்டன் எண்டனீங்கள்?"

"தாகம்" என்றாள்.

அந்த மைதானத்தில் இப்போது மாடிவீடுகள். ஸ்டெல்லா கனடாவில். தையற்கடைக்கு எதிரே சாவடி இருந்த இடத்தில் பழச்சாறு விற்கிறார்கள்.

"பொக்கற் வேண்டாம்" என்றேன் தையற்காரரிடம். என் அடையாள அட்டை வீட்டில் எந்த மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.