பெரட்டில் நின்ற சிங்கள வகுப்பு

கொதித்த பாலும் ஈரத்துணியும் கலந்த வாசம் எங்கே வந்தாலும், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராதான் எனக்குக் கண்ணில் நிற்கும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை அது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே பத்துப் பெண்களுக்குப் பேச்சுச் சிங்களம் கற்பித்தேன்.

மொழியியலில் டிப்ளோமா முடித்து வந்த சூடு. ஒலியன், உருபன், தொடர் என்று அடுக்கிய பாடத்திட்டம். ரெஜிஸ்டரைத் திறந்து பேர் கூப்பிடுவேன். எழுந்து நின்று “இருக்கேங்க” என்பார்கள். சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வார்கள். கேள்வி கேட்டால் மட்டும் மலையில் மூட்டம் இறங்கினாற்போல ஒரு மௌனம்.

அந்தப் பத்துப் பெண்களில் செல்வமணிக்குத்தான் அவசரம். முழங்கால் வலியோடு அவரால் இனி மலையேற முடியாது. ஹட்டனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் உதவியாளர் வேலை இருந்தது. நேர்முகம் மூன்று வாரத்தில், முழுக்கச் சிங்களத்தில். வகுப்பிலோ அவர்தான் அதிகம் ஊமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில், லீக்ஸ் விற்கும் சிங்களப் பெண்ணோடு செல்வமணி விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிங்களத்தில்! கேலி, கோபம், குழைவு, எல்லாம் ஒரே மூச்சில். கடைசியில் இருவரும் தோளில் தட்டிச் சிரித்தார்கள். நான் வாங்க வந்ததை மறந்து நின்றேன்.

அடுத்த வகுப்பில் கேட்டேன். “சந்தையில அந்தப் போடு போடுறீங்க, இங்க மட்டும் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறீங்க?”

“நீங்க பேர் கூப்பிடுறீங்களே சேர்” என்றார் செல்வமணி. “பெரட்டுல பேர் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லிட்டு, சொன்ன மலைக்குப் போவணும். அங்க நின்னு கத பேசுனா கங்காணி சும்மா விடுவாரா?”

“கங்காணியாச்சும் வெத்தல போடுறப்ப சிரிப்பாரு” என்றது பின்வரிசை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டை நான் பிள்ளைக்காம்பராவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். ஒலியும் சொல்லும் தொடரும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. யார், யாரோடு, எந்த இடத்தில் பேசுகிறார்கள் என்பது என் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், ‘நேரமிருந்தால்’ என்ற குறிப்போடு கிடந்தது. அத்திவாரத்தைக் கூரைமேல் வைத்திருக்கிறேன்!

ரெஜிஸ்டரை மூடினேன். பாயில் படுத்து நோயாளியானேன். “கொஹெத ரிதென்னே?” எங்கே வலிக்கிறது என்று செல்வமணி சிங்களத்தில் அதட்டினார். வயிற்றைக் காட்டினேன். என்ன தின்றாய், எப்போது தின்றாய், ஏன் தின்றாய் என்று அறையே சேர்ந்து சிங்களத்தில் விசாரித்தது. ஊசி போடவும் ஆள் வந்துவிட்டது. இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தை எடுக்குமுன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

நேர்முகத்தன்று வாசலில் காத்திருந்தேன். கால் மணி நேரம் என்றார்கள். முக்கால் மணி ஆயிற்று. உள்ளே டாக்டர் சிரிப்பது கேட்டது. வெளியே வந்த செல்வமணி, “திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க சேர்” என்றார். பஸ் நிலையம் வரை இருவருமே ஒழுங்காக நடக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவருடைய பஸ் நகரும்போது செல்வமணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

“காய்ச்சல் கீய்ச்சல் வந்தா வேற எங்கயும் போயிராதீங்க சேர். நம்ம ஆஸ்பத்திரிக்கே வாங்க!”