அண்ணாச்சியின் மாத்திரைப் பிரச்சாரம்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து வயதில் புராஸ்டேட் வீங்கியது. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சிறுநீர் தடையில்லாமல் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறைவாக வருகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கடைசி வரியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்றிருந்தது. அண்ணாச்சி எதையும் கடைசி வரி வரை படிக்கிறவர் அல்லர்.

நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர், இனி பயமென்ன என்று மூன்றாவதைப் பிரித்தார். காலையில் தன்னோடு நடக்கிறவர்களுக்கெல்லாம் மாத்திரையின் பெருமையைச் சொன்னார். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் நண்பர் ஊர்க்காவலனுக்கு ஒரு வியாதியும் கிடையாது. இருந்தும் அண்ணாச்சி மூன்று மாதத்துக்கான மாத்திரையை வாங்கி அவர் கையில் திணித்தார். இரண்டாம் மாதம் ஊர்க்காவலனுக்கு மார்பு வீங்கி வலித்தது. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு இதை யாரிடம் சொல்வது?

“ஏலே காந்தம், எனக்கு என்னத்தலே குடுத்த?”

“பொறுலே. மருந்து உள்ள வேலை செய்யுது.”

அடுத்த மாதம் அண்ணாச்சிக்கே சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றார். மூன்று வாரம் கழித்து அதைக் கண்ணால் பார்த்துவிட்ட மனைவி அருணாதேவி, அப்போதே மதுரைக்குக் காரை எடுக்கச் சொன்னார்.

டாக்டர் இசைவாணி குழாய் விட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பைக்குள் கடலை அளவில் ஒரு கட்டி.

“இந்த மாத்திரை சாப்பிட்டா வராதுன்னாகளே டாக்டர்?”

“சில ஆய்வுல குறையிற மாதிரி தெரியுது, சிலதுல அப்படி இல்ல. புற்றுநோயைத் தடுக்கன்னு இதை நாங்க எழுதித் தர்றதில்ல. உங்க புராஸ்டேட்டுக்குச் சாப்பிடுங்க. சிகரெட் எத்தனை?”

“எண்ணிப் பாத்ததில்ல.”

“மூணு பாக்கெட், முப்பது டாக்டர்,” என்றார் அருணாதேவி. “சாம்பலைக் கொட்டுறது நான்தான.”

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. அருணாதேவி சட்டைப் பையைத் தினமும் சோதித்ததால் சிகரெட் நின்றது. மாத்திரையை விட்ட ஊர்க்காவலனுக்கு வலி போனது. வீக்கம் முழுதாக வற்றவில்லை. காலையில் அண்ணாச்சியோடு நடக்க வருவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, பக்கத்து நாற்காலிக்காரரிடம் அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார்: “மாத்திரை போட்டதுனாலதான் கடலை அளவோட நின்னுச்சு. இல்லேன்னா தேங்கா அளவுக்கு வந்திருக்கும்.”

நாற்காலிக்காரர் மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.