வெண்டிப் பாத்தியில் சின்னம்மா

ஐந்தாம் வகுப்பில் எனக்கென்று ஒரு வெண்டிப் பாத்தி இருந்தது. அதைச் சின்னம்மா பறித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

எங்கள் ஊரான கரம்பொனில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெறும் மணல். புதிதாக வந்த விவசாய சேர் அதில் மரக்கறித் தோட்டம் போடலாம் என்றபோது ஊரில் பலர் சிரித்தார்கள். முதல் தரம் போட்ட விதைகள் ஒன்றுகூட முளைக்கவில்லை. பாதி சூட்டில் வெந்துபோனது, மீதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. சேர் விடவில்லை. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஊன்றி, மேலே பனையோலை பரப்பச் சொன்னார். பள்ளிக்கூடக் கிணறு உவர். அதனால் கன்று நிமிரும்வரை ஆளுக்கொரு போத்தல் நல்ல தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

நல்ல தண்ணீர் எங்களுக்குப் பவுசர் லொறியில்தான் வரும். அம்மா ஒரு போத்தலுக்கே முகம் சுளித்தார். அப்போதுதான் சின்னம்மா, "நான் பின்னேரத்திலை கொண்டுபோய் ஊத்திவிடுறன்" என்றார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்து சட்டை தைத்துக் கொடுப்பவர். தன் கத்தரிக்கோலைத் தொட்டாலே சத்தம் போடுவார். அவர் எனக்காக வெயிலில் நடப்பதா? அன்றிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன்.

"சேர், வெண்டிக்கு எவ்வளவு தண்ணி விடோணும்?"

"வேர் நனைஞ்சால் காணும். கூட விட்டால் அழுகிப்போம்."

அடுத்த நாளும் சின்னம்மா அதையே கேட்டார். சேரும் புதிதாகச் சொல்வதுபோல அதையே சொன்னார். வகுப்பில் நாங்கள் ஒன்றை இரண்டாம் தரம் கேட்டால் ஏசுகிறவர் அவர். இருவரும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பாத்தியைச் சின்னம்மாவின் பெயருக்கு மாற்றப் போகிறார்கள்.

சின்னம்மா என் கன்றுகளைத் தன் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்புவதும், பதில் வந்தால் தைக்கிற மெசினை நிறுத்திவிட்டுச் சிரிப்பதும் அதன் பிறகு தொடங்கியது. பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது என்ர பாத்தி, சின்னம்மா."

"ஓம், உன்ர பாத்திதான். ஆர் இல்லையெண்டது?"

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது என் சந்தேகத்தைக் கூட்டியது.

வெண்டி காய்த்துத் தொங்கிய கிழமை வீட்டில் ஒரு மாதிரியான அமைதி. அப்பா சின்னம்மாவோடு கதைக்கவில்லை. கடலால் வந்தால் வலையை மடியில் போட்டுக்கொண்டு முற்றத்தையே பார்த்தபடி இருப்பார். பாத்தி விஷயம் அப்பாவுக்கும் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய், பிஞ்சு தவிர எல்லாக் காயையும் ஆயச் சொன்னார். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த அம்மா அந்தக் காயில் பால்கறியும் பொரியலும் வைத்தார். மீன் இல்லை. கடற்தொழில் செய்கிறவர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையில், மீன் இல்லை!

மத்தியானம் சேர் வந்தார். கூடவே நெற்றியில் திருநீறு பூசிய அவருடைய அம்மா. என் வெண்டிக்காயைச் சாப்பிட ஆள் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

அப்பா அவர்களை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். தான் இருக்கவில்லை.

"நாங்கள் வேதக்காரர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அம்மா?"

"தெரியும், தம்பி. முதலிலை எனக்கும் மனம் வரேல்லை. பிறகு, அவன் சந்தோசமாயிருந்தால் காணும் எண்டு வெளிக்கிட்டு வந்தனான்."

அப்பா சேரைப் பார்த்தார். சேர் தலை குனிந்து நின்றார். வகுப்பில் அவரை அப்படி நான் கண்டதில்லை. பிறகு அப்பா குசினிப் பக்கம் திரும்பி, "சாப்பாட்டைப் போடுங்கோ. இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

நான் குசினிக்குள் ஓடினேன். கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சின்னம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கடைசியில் பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஏன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.