பத்து நிமிடம் முன்னால் ஊதிய விசில்

எங்கள் மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் விசிலைப் பற்றித்தான் எழுத வேண்டும். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பத்தொன்பது வருடமாக அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நேரம் வந்ததும் வெளியே வந்து நீளமாக ஒரு விசில் அடித்து, கையை வீசுவார். பஸ் கிளம்பிவிடும். எதிரே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவரை வேடிக்கை பார்ப்பது பாதி வேலை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்கும் விசில்தான். நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பெண்கள் கால்பந்து ஆட்டங்களுக்கு அவர்தான் நடுவர்.

நேர விஷயத்தில் மனுஷர் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா எட்டு இருபது பஸ்ஸில் வேலைக்குப் போனவள். அதாவது, எட்டு இருபத்தொன்றுக்கு வந்து நின்றவள். மூன்று முறை அவள் கண்ணெதிரே பஸ்ஸை அனுப்பிவிட்டார். நான்காம் முறை கூண்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். அந்தச் சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது. அதற்குப் பிறகும் அவளுக்காக ஒரு பஸ்ஸைக்கூட அரை நிமிடம் நிறுத்தியதில்லை.

இந்த வருடம் நடுவர்களுக்கான ஓட்டத் தேர்வில் மாமா தோற்றுப்போனார். எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம், இருபத்தைந்து மீட்டர் நடை, இப்படியே மைதானத்தைப் பத்துச் சுற்று. ஆறாவது சுற்றிலேயே நின்றுவிட்டார். வயது நாற்பத்தேழு, எடை எண்பத்தெட்டு. இரண்டு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதுவரை உள்ளூர் ஆட்டங்களை நடத்தலாம் என்றும் கால்பந்துச் சங்கத்தில் சொன்னார்கள். அதிலும் தவறினால் நடுவர் வேலைக்கு முழுக்குதான். அன்று வீட்டுக்கு வந்தவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

மாமா எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். பட்டினியையும் முழுதாகச் செய்தார். காலையில் பால் சேர்க்காத காபி, ஒரு மணி நேர ஓட்டம். மதியம் இரண்டு வெள்ளரிக்காய். சாயங்காலம் இன்னொரு ஓட்டம். ஏழு மணிக்கு அடுப்படியில் நின்றபடியே ஒரு பாக்கெட் ரொட்டியைக் காலி செய்வார். நின்றுகொண்டு சாப்பிட்டால் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்று நினைத்தாரோ என்னவோ. பகலெல்லாம் எரிந்து விழுந்தார். பதினொரு மணியானால் கூண்டுக்குள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன். கேட்டால், "உடம்பு கரையுதுன்னு அர்த்தம்" என்பார்.

மூன்றாவது ஞாயிறு வந்தது அந்த ஆட்டம். எங்கள் அணிக்கும் பக்கத்து ஊர் நீலச்சட்டை அணிக்கும். ஒன்றுக்கு ஒன்று சமம். இரண்டாம் பாதியில் மாமாவின் முகம் வெளுத்திருந்தது. திடீரென்று நீளமாக ஒரு விசில் அடித்து, பஸ்ஸை அனுப்புகிற மாதிரியே கையை வீசி, "ரைட், ரைட்" என்றார். ஆட்டம் முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் உண்மை. இன்னும் பத்து நிமிடம் பாக்கி. கொடி பிடித்த உதவி நடுவர்கள் இரண்டு பேரும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள், கடிகாரத்தைத் திருகி நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள். டைம் கீப்பர் தப்பு செய்வாரா? என் கடிகாரத்தையும் நான் தட்டிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாமா தள்ளாடி நிலையத்துப் பக்கம் வந்தபோது மேலே பெரிய கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. அவர் பழக்கிவிட்ட உதவியாளர் விநாடி தப்பாமல் விசில் அடித்தார். கிளம்பிய பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் நீலச்சட்டை. வழக்கமாக ஐந்து நாற்பது பஸ்ஸுக்குப் போகிறவர்கள், அன்றைக்கு முந்தின பஸ்ஸே கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குக் கையசைத்துக்கொண்டு போனார்கள். ஐந்தே காலுக்கு முடிய வேண்டிய ஆட்டத்தின் ஒரு பாதிப் பேர் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். மாமா அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் அணித் தலைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்து, தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"சார், காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"காபி."

"மத்தியானம்?"

"வெள்ளரிக்கா."

"அதான் எங்க மேட்ச் பத்து நிமிஷம் இளைச்சுப் போச்சு. கம்மியா சாப்பிடுங்க சார், வேணாம்னு சொல்லல. சாப்பிடாம ஓடாதீங்க."

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. விட்டுப்போன பத்து நிமிடத்தை ஆறு வாரம் கழித்து ஆடி முடிக்க வேண்டும். ஓட்டத் தேர்வில் தேறினால் மாமாவே நடத்தலாம். இல்லாவிட்டால் வேறு நடுவர். மாமா அதை மூன்று தடவை படித்தார். "அந்தப் பத்து நிமிஷத்தை நான்தான் முழுங்கினேன். நான்தான் திருப்பித் தரணும்" என்றார். 

அன்று ராத்திரி பஸ் அட்டவணை எழுதுகிற ஸ்கேலும் பேனாவும் வெளியே வந்தன. தலை சுற்றிய நேரங்களை அவரே குறித்து வைத்திருந்தார். தினமும் பதினொன்று பத்து, நாலு நாற்பது. "ஒரு ரூட்ல ஆறு மணி நேரம் பஸ்ஸே விடாம, ராத்திரி ஒரேயடியா எட்டு பஸ் விட்டா ஜனங்க சும்மா இருப்பாங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். "உங்க வயித்தத்தானே சொல்றீங்க?" என்றாள் அவள்.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை தொங்கியது. ஓட்டத்துக்கு முன் ஐந்து நாற்பதுக்குப் பாதி வாழைப்பழம். ஏழே காலுக்கு இரண்டு முட்டை, ஒரு ரொட்டி. பத்தரைக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ஒரு மணிக்கு ஒரு கிண்ணம் சோறு, அதைவிட அதிகமாகப் பருப்பும் காய்கறியும். நாலே காலுக்குப் பழமும் தயிரும். ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, கண்டிப்பாக உட்கார்ந்து. முட்டை இரண்டு நிமிடம் தாமதமானால் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "இது பஸ் ஸ்டாண்டு இல்ல, சமையல்கட்டு. விசில் என் குக்கர்தான் அடிக்கும்" என்று அக்கா விரட்டினாள்.

முதல் வாரம் எடை மெஷின் முள் அசையவே இல்லை. மாமாவுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. பத்தரை தாண்டியும் வேர்க்கடலை டப்பா மூடியபடியே இருப்பதை என் கவுண்டரிலிருந்து பார்த்தேன். எனக்கு வந்ததே கோபம். அறிவிப்பு மைக்கைப் போட்டேன். "பயணிகள் கவனத்துக்கு. பத்தரை மணி வேர்க்கடலை இன்னும் டைம் கீப்பர் கூண்டிலேயே நிற்கிறது."

நிலையம் முழுக்கச் சிரிப்பு. மாமா முறைத்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார். அன்றிலிருந்து டிரைவர்கள் பஸ்ஸை எடுக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக, "விசில் சார், கடலை கிளம்பிடுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வாரம் அரைக் கிலோ என்று எடை மெதுவாக இறங்கியது. பதினொரு மணிக்கு அவர் மேஜையைப் பிடிப்பது நின்றது. பயணிகளிடம் சிரித்துப் பேசினார். அதைக் கண்டு ஒன்றிரண்டு பேர் பயந்தார்கள்.

தேர்வு நாளில் நானும் அக்காவும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறாவது சுற்றைத் தாண்டினார். ஒன்பதாவதில் கால் தடுமாறியது. அக்கா என் கையை நசுக்கிவிட்டாள். சமாளித்துக்கொண்டு ஓடினார். பத்தாவது முடிந்ததும் நாங்கள் இருவரும் அழுதுகொண்டே ஓடினோம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நாலே காலாச்சு" என்று பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, வெறும் பத்து நிமிட ஆட்டத்தைப் பார்க்க நிலையமே திரண்டு வந்தது. நாலு ஐம்பதுக்கு விசில் அடித்தார். எட்டாவது நிமிடத்தில் நீலச்சட்டையில் ஒல்லியாக இருந்த பெண் ஒரு கோல் போட்டாள். தோற்றது எங்கள் அணி. இருந்தும் நான் கை தட்டினேன். மாமா முழுங்கிய பத்து நிமிடத்துக்குள் அந்தப் பெண்ணின் கோல் இருந்திருக்கிறது. மாமா அவளைப் பார்த்த பார்வையில் அது எனக்குப் புரிந்தது. ஐந்து மணிக்குக் கடைசி விசில். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். யாரும் திருகவில்லை.

"சார், அஞ்சு பத்து பஸ்ஸு கிடைக்குமா?" என்று நீலச்சட்டைக்காரிகள் கேட்டார்கள்.

"கிடைக்கும். முதல்ல சாப்பிடுங்க" என்று ஒரு தார் வாழைப்பழத்தை நடுவில் வைத்தார்.

ஐந்து பத்துக்கு உதவியாளர் விசிலை வாயில் வைத்தார். கோல் போட்ட பெண் இன்னும் பிளாட்பாரத்தில் நின்று மென்றுகொண்டிருந்தாள். மாமா கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் இருப்பா, அந்தப் பொண்ணு சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றார். பஸ் நின்றது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஐந்து பதினொன்றுக்குக் கிளம்பியது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு நிறுத்தாத பஸ்ஸ ஒரு வாழப்பழத்துக்கு நிறுத்துறீங்க."

மாமா அவள் பக்கம் திரும்பினார். "அப்போல்லாம் நீ சாப்பிட்டுட்டா வருவ?"

"எங்க சாப்பிடறது? வெறும் வயித்தோட ஓடி வருவேன். வந்து நின்னா கண்ணு இருட்டும்."

மாமா தாரில் மிச்சமிருந்த கடைசிப் பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாவதைக்கூடப் பார்க்காமல், பக்கத்திலேயே நின்றார்.