ஐந்து பேர், ஒரே செருப்பு

கொரோனாவுக்கு முன்பு, கரை ஒதுங்கும் சொறிமீன்களை, அதாவது ஜெல்லி மீன்களை, தன்னார்வலர்களோடு பாம்பன் கரையில் நடந்தே எண்ணுவேன். ஊரடங்கில் எல்லாம் கைப்பேசிக்கு மாறியது. கரையோரப் பெண்கள் ஐந்து பேர் படம் அனுப்புவார்கள். நான் ராமநாதபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். அளவு தெரிய, மீன் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருளை வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஐந்து பேர் படத்திலும் ஒரே செருப்பு. நீல வார், அதில் ஒரு ஊக்கு. ஒருத்தியே எல்லாவற்றையும் எடுத்து ஐந்து பேர் பெயரில் அனுப்புகிறாள் என்று முடிவுகட்டினேன். அதன்பின் அந்த மணல்கூட எனக்குப் போலியாகத் தெரிந்தது. நான்கு மாதப் படங்களையும் அழித்துவிடும் எண்ணத்தோடு, அவர்களில் மூத்தவரைப் போனில் பிடித்தேன்.

"அந்தச் செருப்பு யாருது?"

"என்னோட பழசு சார். கூட்டமாப் போகக் கூடாதுன்னாங்க, ஆளுக்கு ஒரு நாள் போறோம். அங்கன வலைக் கொட்டகையில போட்டு வச்சிருக்கேன், போறவ எடுத்துக்குவா."

"அவங்கவங்க செருப்ப வச்சா என்ன?"

"ஆளாளுக்கு ஒரு அளவு செருப்ப வச்சா கணக்கு எப்படி சார் ஒத்து வரும்?"

அவர் விடவில்லை.

"நாலு மாசமா படத்தப் பாக்குறீங்க. அந்தச் செருப்பு எத்தன இஞ்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"