பத்து நிமிட மிஷின்

மழை விட்ட காலையில் திருப்பூர் மண்ணரைச் சந்துகளில் நடந்தால் செருப்பின் அடியில் சேறு மட்டும் ஒட்டாது. கம்பெனிகள் வெளியே கொட்டிய பனியன் துணித் துண்டுகளும் சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் ஒற்றைக் காலில் நின்று அவற்றை உரித்துக்கொண்டிருப்பேன், வேலை கேட்டு உள்ளே போன அம்மா வெளியே வரும்வரை கைக்கு வேறு வேலை கிடையாது. தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்திருந்த நேரம். அம்மா அதைக் கார்த்திகை மாதம் என்கிறாள். ஐப்பசி முடியவில்லை என்பது என் கட்சி, பண்டிகைப் பாவாடையின் மொடமொடப்பு அப்போது இன்னும் போகவில்லை.

அப்பா முன்பே திருப்பூர் வந்து சாயப்பட்டறையில் சேர்ந்திருந்தார். நானும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தோம். "பொங்கலுக்குள்ள உனக்கு டெய்லர் வேலை அமையலைன்னா ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க" என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். இருப்போமா போவோமா என்று தெரியாததால் என்னைப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் "கைமடி" வேலை எந்தக் கேட்டிலும் கிடைத்திருக்கும். ஊரில் நாலு தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த அம்மாவுக்கு அதில் மனம் போகவில்லை, அந்தச் சம்பளத்தில் மூன்று பேர் இங்கே இருக்கவும் முடியாது.

கேட்டில் "டெய்லர் தேவை" என்று அட்டை தொங்கினால் யாரும் உள்ளே போகலாம், மிஷினில் உட்கார்த்தி இரண்டு பீஸ் தைக்கச் சொல்வார்கள், அதற்குப் பெயர் "டிரையல்". முதல் கம்பெனியிலேயே அம்மா ஊசியை உடைத்தாள். ரவிக்கைத் துணியை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துத் தைத்த பழக்கம் அவளுடையது. பனியன் துணியை அப்படி இழுத்தால் அது நீண்டு, தையல் அலை அலையாக நெளிந்துவிடும். ஊரில் மிதித்த கால் மிஷினைப் போல இந்தக் கரண்டு மிஷின் மெல்லக் கிளம்பாது, தொட்டால் ஓடும். "ஏனுங்க்கா, துணியோட என்னங்க சண்டை? விட்டாத் தானாப் போகுமுங்க" என்று மாஸ்டர் சிரித்தது கேட்டருகில் நின்ற எனக்கும் கேட்டது. அடுத்த இடத்தில் தையல் துணியைவிட்டே வெளியே ஓடியது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம்.

"ஊருக்கே போயிருவோம்மா."

"சும்மா வாட்டி."

அதன்பின் ஒரு மாற்றம் வந்தது. அம்மா சம்பளம் கேட்பதை நிறுத்திவிட்டாள், கம்பெனி பெரிதா சிறிதா என்றும் பார்ப்பதில்லை, அட்டை தொங்கினால் போதும், நுழைந்துவிடுவாள். ஒரு கேட்டில் பொறுக்கமாட்டாமல், "இங்க வேலை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"கிடைக்காது."

"பெறகு எதுக்குப் போற?"

"நம்ம வீட்டுல மிஷின் கெடக்கா? இவுகதான் பத்து நிமிசம் ஒக்கார விடுதாக."

ஓரிடத்தில் பெடல் மிதிக்கும் காலை மட்டும் கவனித்து வருவாள், அடுத்த இடத்தில் இடது கையை. எல்லா இடத்திலும் தோற்றாள், ஆனால் ஒரே மாதிரித் தோற்கவில்லை. மாலையில் கட்டில் விளிம்பில் அமர்ந்து, அப்பாவின் பழைய பனியனைத் தொடைமேல் போட்டு உள்ளங்கையால் இழுக்காமல் நகர்த்திக்கொண்டே இருப்பாள், பார்க்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

மார்கழியில் மறுபடி முதல் கம்பெனிக்குப் போனோம். "அட, மறுக்காவும் வந்துட்டீங்களா? மாஸ்டரு ஊசியெல்லாம் ஒளிச்சு வெக்கப் போறாருங்க!" என்றார் வாட்ச்மேன்.

உள்ளே மாஸ்டருக்கும் அவளை அடையாளம் தெரிந்தது. "அன்னைக்கு வந்தவங்கதானுங்களே?"

"ஆமா சார். அன்னைக்குத் தைக்கத் தெரியலை."

வழக்கமான நேரம் கடந்தும் அவள் வரவில்லை. நான் கேட்டுக்கும் எதிரிலிருந்த மரத்துக்குமாக நடந்தேன், கேட்டுக் கம்பியில் தொங்கினேன். கடைசியில் வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணு, உங்கம்மா வேலைக்கே உக்காந்துட்டாங்க. சாயங்காலந்தான் வருவாங்களாம், நீ ஊட்டுக்குப் போகச் சொன்னாங்க" என்றார். அந்த ஊரில் அதுவரை நான் தனியாக நடந்ததில்லை. தப்பான சந்துகளில் திரும்பி, வந்த வழியே மீண்டு, வேறு சந்தில் நுழைந்து, எங்கள் அறை வாசலைக் கண்டபோதுதான் இனி ஊருக்குப் போகப்போவதில்லை என்பது புரிந்து அழுதேன். பொங்கல் முடிந்ததும் பள்ளியில் சேர்த்தார்கள்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று வாடகை வீடுகள். அம்மா இப்போது வேறொரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே கேட்டில் அட்டை இல்லை. ஏஜெண்டு மூலம்தான் ஆள் வருகிறது, டிரையல் முடிவு போட்டோவுடன் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது, பெயில் என்று ஏறிவிட்டால் மறுபடி கூப்பிடுவதில்லை. தோற்றுவிட்டு அடுத்த கேட்டில் யாரோ போல நுழைய இப்போது வழியில்லை. சென்ற வாரம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் துணியை இழுத்து இழுத்துத் தைத்திருக்கிறாள். ஆபீஸ் பையன் வந்து, "பாஸா பெயிலாங்க்கா, எதப் போடட்டும்?" என்று கேட்டிருக்கிறான்.

"தையல் இன்னும் கைக்கு வரலைன்னு போடு தம்பி."

"கம்ப்யூட்டர்ல அதுக்கு எடமில்லீங்க்கா."

"அப்பப் போடாத. நாளைக்கு வந்து கேளு."

அவன் தினமும் வந்து கேட்கிறானாம். அம்மாவும் தினமும் அதையே சொல்கிறாளாம். தினமும் பத்து நிமிடம் மிஷினில் உட்காரும் அந்தப் பெண்ணின் கை இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.