கடைசிப் பத்தி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. இயந்திரம் ஒரு லென்ஸைத் தேய்த்து முடிக்கும்வரை கை சும்மா இருக்கும். அந்த நேரத்தில்தான் கதை எழுதினார். பங்குக் கோயிலின் இதழில் நான்கு வந்தன. அதை வைத்து, கத்தோலிக்க எழுத்தாளர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேர். திருத்தூதர் கணக்கு சரியாக இருக்கிறது, யூதாஸ் யாரென்றுதான் தெரியவில்லை என்று முதல் நாளே ஒருவர் கேலி செய்தார்.

திங்களன்று ஒருவர் கதை போடுவார். வியாழனுக்குள் எல்லாரும் கருத்து எழுத வேண்டும்.

முதல் ஆண்டு ஒழுங்காகப் படித்தார். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. அங்கே யார் எழுதினாலும் கடைசிப் பத்தி பிரசங்கமாகிவிடும். குடிகாரன் மனம் திரும்புவான், இல்லாவிட்டால் கோயில் மணி அடிக்கும். 'கடைசிப் பத்தியை வெட்டுங்கள்' என்று எழுதினால் போதும், தப்பாது. 'கத்தரி' என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

குழுவில் டீச்சரக்கா என்று ஒருவர். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கத்தரி சொன்னால் உடனே வெட்டிவிடுவார். நன்றி வேறு சொல்வார்.

அந்தத் திங்கள் காலை டீச்சரக்காவின் முறை. பதிவு வந்ததுமே கத்தரி கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். மருத்துவமனையில் கணவருக்கு மூச்சு முட்டுகிறது. எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுக்க வந்த பாதர் லிப்டில் மாட்டிக்கொள்கிறார். நீளம் அதிகம்.

'பாதர் லிப்டில் மாட்டுவது நம்பும்படி இல்லை. கணவரை இன்னும் முன்பே சாகடித்திருக்கலாம். கடைசிப் பத்தியை வெட்டுங்கள்.'

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால், அவருடைய கருத்துக்குக் கீழே வரிசையாக, இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றிச் செபம். மேலே பதிவின் முதல் வரி, 'இது கதையில்லை.' கதைகளே இப்போதெல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன என்று மனம் சமாதானம் தேடியது. ஆனால் அந்த வரியை அவர் பார்த்திருக்கவே இல்லை.

கருத்தை அழித்தார். 'அழிக்கப்பட்டது' என்ற சொல் அங்கே வந்து நின்றது.

மாலையில் வீட்டில் மன்னிப்புக் கடிதத்தை மூன்று முறை எழுதித் திருத்தினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மன்னிப்புக்கும் நடை பாக்கறீங்களா? போனைப் போட்டுப் பேசுங்க."

மறுநாள் பின்னறையிலிருந்து அழைத்தார். டீச்சரக்கா இவரைப் பேசவிடவில்லை. லிப்ட் நிஜமாகவே நின்றுபோனது, இருபது நிமிடம், வேண்டுமானால் பாதரையே கேட்கலாம் என்று விளக்கம் சொன்னார்.

"மத்தவங்க ஆறுதல்தான் சொன்னாங்க தம்பி. நீங்கதான் படிச்சிருக்கீங்க."

"இல்லக்கா. நான் படிக்கல."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

"இதையா?"

"எதையுமே. ரெண்டு வருஷமா."

ஒருமுறை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சரக்கா வேறொன்று சொன்னார். இவர் சொன்னதும் பழக்க தோஷத்தில் அந்தப் பத்தியை வெட்டிவிட்டாராம். சனிக்கிழமை மருத்துவமனை வராந்தாவிலேயே போனில் எழுதியது, பிரதி இல்லை. குழுவில் எல்லாரையும் கேட்டுவிட்டார். வெட்டிய பிறகுதான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"அவர் கடைசியாச் சொன்னதை அதுல அப்படியே எழுதியிருந்தேன். இப்ப யோசிச்சா சொல்லு மாறி மாறி வருது. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா? ஒரு வார்த்தைன்னாலும் சரி."

இயந்திரம் ஓய்ந்தது. லென்ஸை எடுக்காமல் அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஏழெட்டு வரி இருக்கும்க்கா" என்றார்.